மனக்காயமும் டச் போனும்

(ஹடப்சரில் பெண்களின் மாலை வகுப்பில் ஒரு தொண்டர் பேசியது)



போன வாரம் வகுப்பு முடிந்து போகும்போது ஒரு அக்கா கேட்டார். "பாப்பா, மனசு சரியில்லைன்னா போனிலேயே வைத்தியம் இருக்காமே? என் மகன் சொல்றான். நிஜமா?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன். நான் டாக்டர் இல்லை. பன்னிரண்டாவது படித்தவள். ஆனால் இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு.

போன மழைக்காலத்தில் சோலாப்பூர் ரோட்டில் அண்ணன் வண்டி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து வந்தேன். ஒரு டேங்கர் லாரி இடித்தது. அண்ணனுக்குக் கால் முறிந்தது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. "நீ தப்பிச்சிட்டே, சாமி புண்ணியம்" என்று எல்லாரும் சொன்னார்கள். அண்ணன் கால் மூன்று மாதத்தில் கூடிவிட்டது. எனக்குத்தான் கூடவில்லை. ஹாரன் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். கண்ணை மூடினால் லாரிச் சக்கரம் தெரியும். காடிதள் பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டுமானால் சந்து சந்தாகச் சுற்றிப் போவேன். அம்மா மந்திரித்துக் கயிறு கட்டினார். இதோ, கயிறு இன்னும் கையில் இருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும்.

இதற்கு மனக்காயம் என்று பெயர். ஆபத்து வரும்போது நெஞ்சு படபடப்பது நம்மைக் காப்பாற்றத்தான். ஆபத்து போன பிறகும் அது அடங்கவில்லை என்றால்தான் தொல்லை. வீட்டில் அடி வாங்கியவர்களுக்கு வரலாம். வெள்ளத்தில் வீடு இழந்தவர்களுக்கு வரலாம். பலருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் விடவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பைத்தியம் என்று அர்த்தம் இல்லை.

சரி, போனுக்கு வருவோம். அமெரிக்காவில் போருக்குப் போய்வந்த சிப்பாய்களுக்காக 2011-ல் அரசாங்கமே ஒரு ஆப் வெளியிட்டது. பெயர் பி.டி.எஸ்.டி. கோச். நம் பெங்களூரில் பிறந்த ஆப் ஒன்று வைசா. அதில் ஒரு பென்குயின் பறவை நம்மோடு எழுத்தில் பேசும். பேசுவது ஆள் இல்லை, இயந்திரம்.

இந்த மாதிரி ஆப்கள் என்ன செய்கின்றன? இன்று மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும். மூச்சுப் பயிற்சி சொல்லித் தரும். தினமும் நாம் சொல்வதைக் குறித்து வைக்கும். பக்கத்து வீட்டுப் பையன் எனக்கும் ஒன்று இறக்கிக் கொடுத்தான். எல்லாம் இங்கிலீஷ். பாதி புரியவில்லை. ஆனால் மூச்சுப் பயிற்சிக்கு மொழி வேண்டாமே! மெதுவாக இழுத்து, அதைவிட மெதுவாக விட வேண்டும். இப்போதே எல்லாரும் ஐந்து தடவை செய்யுங்கள்.

பயம் திடீரென்று பிடித்தால் இன்னொரு வழி உண்டு. கண்ணில் படும் ஐந்து பொருளைப் பெயர் சொல்லுங்கள். கதவு, குடம், கரும்பலகை... "லாரி போய்விட்டது, நான் இங்கே இருக்கிறேன்" என்று மனசுக்கு அப்போது தெரியும். எனக்கு இது உதவியது.

குறித்து வைக்கும் வேலைக்கு ஆப் எதற்கு? நமக்குத்தான் எழுதத் தெரியுமே. தேதி போடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எப்போது பயம் வந்தது, இரண்டு வரி போதும். டாக்டரிடம் போனால் அந்த நோட்டு நமக்குப் பதிலாகப் பேசும்.

ஒன்று கவனம். கடன் கொடுக்கிற ஆப்கள் நம் போனைத் துழாவியது உங்களுக்குத் தெரியும். மனசு பற்றிய ஆப்களிலும் அந்த ஆபத்து உண்டு. அமெரிக்காவில் பெட்டர்ஹெல்ப் என்ற நிறுவனம், மனக்கஷ்டம் என்று வந்தவர்களின் விவரத்தை விளம்பரத்துக்காக வெளியே கொடுத்தது என்று அரசு வழக்குப் போட்டது. 2023-ல் அந்த நிறுவனம் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அதனால் போன் புத்தகமும் போட்டோவும் கேட்கிற ஆப்புக்கு "சரி" என்று அழுத்தாதீர்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே போன் என்றால், அடிக்கிற ஆளைப் பற்றி அதில் எழுதவே எழுதாதீர்கள்.

எனக்கு உண்மையில் திருப்பம் வந்தது ஆப்பால் இல்லை. 14416 என்ற எண்ணால். டெலி மானஸ் என்று பெயர். மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் உண்டு. காசு இல்லை. தமிழ் உட்பட 20 மொழிகளில் நடக்கிறது. பட்டன் போன் போதும். 2024-ல் இதற்கும் ஒரு ஆப் வந்தது. பயிற்சி பெற்ற ஆள் எடுப்பார். தேவை என்றால் டாக்டரோடு இணைப்பார்கள். நான் மராத்தியில்தான் பேசினேன். அழுகை மட்டும் தமிழில் வந்தது! அந்தம்மா அவசரப்படுத்தவே இல்லை. பிறகு சசூன் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். இப்போது மெயின் ரோட்டிலேயே நடந்து போகிறேன். ஹாரன் கேட்டால் இன்னும் திரும்பிப் பார்ப்பேன், அவ்வளவுதான்.

நம் புனேக்காரர்கள் செய்த ஒரு வேலையையும் சொல்ல வேண்டும். லா காலேஜ் ரோட்டில் இருக்கும் இந்தியன் லா சொசைட்டியின் மனநல மையம், 2013-ல் நாசிக் மாவட்டத்தில் 41 கிராமங்களில் ஆத்மியதா என்ற திட்டத்தைத் தொடங்கியது. கிராமத்து ஆட்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். கையில் போன். போனில் குடி, வீட்டுச் சண்டை, வேலையில்லாத கஷ்டம் பற்றிச் சின்னச் சின்னப் படங்கள். அந்த ஆள் வீட்டுக்கு வருவார், படம் காட்டுவார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அங்கே போன் தனியாக வரவில்லை பாருங்கள், ஆளோடு வந்தது.

யாராவது "செத்துப் போகலாம் போல இருக்கு" என்று சொன்னால் ஆப்பைத் தேடிக்கொண்டு இருக்காதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். உடனே 14416-க்குப் பேசுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

கேட்ட அக்கா வந்திருக்கிறீர்களா? சரி, நோட்டை எடுங்கள். எண்ணைக் கரும்பலகையில் எழுதுகிறேன். கடைசிப் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். எழுதியதை ஒவ்வொருவராக வாசித்துக் காட்டுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.