ஏட்டில் உள்ள வழியும் நடந்த வழியும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

பிழைப்பின் பொருட்டுச் சாந்திபுரம் வந்து குடியேறிய நமக்கு அலுவலகப் படி ஏறுவது புதிதன்று. பிள்ளைக்குச் சாதிச் சான்று, முதியவர்க்கு உதவித்தொகை, குடும்பத்தலைவர் மறைந்தால் வாரிசுச் சான்று என ஏதேனும் ஒன்று வேண்டியிருக்கிறது. ஒரே சான்று ஒருவர்க்கு ஒரு வாரத்தில் கிடைக்கிறது. மற்றொருவர்க்கு மூன்று திங்களாகியும் கிடைப்பதில்லை. இதனைத் தலையெழுத்து என்று விட்டுவிடலாமா?

2011ஆம் ஆண்டு நவம்பரில் மீ சேவா நம் சித்தூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பெற்றது. அதன்பின் விண்ணப்பம் கணினியில் ஏறுகிறது. விண்ணப்ப எண், நடந்த பணி, நடந்த நேரம் ஆகிய மூன்றும் பதிவாகிவிட்டால், காரியம் நடந்து வந்த வழியை அவற்றைக் கொண்டே வரைந்துவிடலாம். இதனைச் செயல்முறை அகழ்வு என்பர்.

நெதர்லாந்தின் எய்ந்தோவன் நகரில் ஆய்வு செய்த வில் வான் டெர் ஆல்ஸ்ட் என்பாரும் உடனாய்வாளர்களும் 2004இல் ஒரு முறையை வெளியிட்டனர். அதன் கருத்து எளியது. ஒரு பணியை அடுத்து மற்றொன்று வருகிறது, ஒருபோதும் மாறி வருவதில்லை எனில், முன்னதிலிருந்து பின்னதற்கு ஓர் அம்பு வரைக. இரண்டும் முன்பின்னாக மாறி மாறி வருமாயின், அவை ஒன்றையொன்று எதிர்பாராமல் நடப்பவை எனக் கொள்க. இவ்வாறு எழும் படத்திற்குப் பெட்ரி வலை என்று பெயர். 1962இல் தம் ஆய்வேட்டை வெளியிட்ட ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரியின் பெயரால் வழங்குவது.

படம் வரைந்தால் போதுமா? அது பதிவுகளோடு பொருந்தவேண்டும், நடவாததற்கு இடந்தரலாகாது, நாளை வரும் விண்ணப்பத்திற்கும் உதவவேண்டும், எளிதாகவும் இருத்தல் வேண்டும். எல்லா வழியும் வழியே என்று காட்டும் படம் எதனோடும் பொருந்தும். ஆயினும் அதனால் யாருக்குப் பயன்?

இனி, இரண்டு அலுவலகங்களின் படங்களை அருகருகே வைத்து ஒப்பிடலாம். 2015இல் நெதர்லாந்தின் ஐந்து நகராட்சிகள் ஏறத்தாழ நான்காண்டுக் கட்டட உரிமப் பதிவுகளை ஆய்வாளர் முன் வைத்தன. வேலை ஒன்றே, ஊர் ஐந்து. வழிகள் எங்கே பிரிகின்றன என்பதே கேள்வி.

அன்பர்களே, இங்கேதான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனை செய்வோம். முதல் அலுவலகத்தின் படத்தில் விண்ணப்பம், விசாரணை, கையொப்பம் என ஒரே நேர்க்கோடு. இரண்டாம் அலுவலகத்தின் படத்திலோ, "இன்னும் ஒரு தாள் கொண்டு வருக" என்று விண்ணப்பம் பலமுறை திரும்புகிறது. முதலாவதே சிறந்தது என்று சொல்லிவிடத் தோன்றும். ஆனால் முதல் அலுவலகத்தில், தாள் குறைந்தவரைப் பதிவு செய்யுமுன்பே வாய்மொழியாகத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நடந்த நடை ஏட்டில் இல்லை. ஆதலால் படத்திலும் இல்லை! இரண்டாவது அலுவலகமோ நேர்மையாக எழுதி வைத்ததனாலேயே குறையுடையதாகத் தோன்றுகிறது.

தெலுங்கு எழுத்து அறியாத நம் வீட்டுப் பாட்டி வாயிலிலிருந்தே திரும்பி வந்தால், எந்தக் கணினியும் அவரைக் கணக்கில் சேர்க்காது. பதிவில் இல்லாதவர் துன்பம், ஒப்பீட்டிலும் இல்லாமற் போகிறது.

ஆகவே நம் சங்கத்தில் ஒரு குறிப்பேடு வைப்போம். யார், எந்தச் சான்றுக்கு, எந்த நாளில் சென்றார், என்ன சொல்லி அனுப்பினார்கள் என்று எழுதுவோம். பதிவாகிவிட்டால் விண்ணப்ப எண்ணையும் சேர்ப்போம். இது எவரையும் குற்றஞ்சாட்டுவதற்கன்று. ஏட்டில் உள்ள வழியையும் நம் கால்கள் நடந்த வழியையும் ஒருங்கே வைத்து, "ஐயா, இந்த இடத்தில்தான் தடை" என்று அதிகாரிகளிடம் பணிவோடு காட்டுவதற்கே. பெருமூச்சு விடுவதைவிட, நாள் குறித்த ஒரு வரி வலிமையுடையது.

தெலுங்கு கற்ற நம் பிள்ளைகள் இப்பணியை ஏற்பார்களாக!