இரைச்சல் எது, ஒலி எது? பழைய ஒலிப்பதிவுகளின் இலக்கவியல் மறுவெளியீடு



ஏட்டுச் சுவடியை நூலாகப் பதிப்பிப்பது எத்துணைப் பொறுப்பு வாய்ந்த பணி என்பதை நாம் நன்கறிவோம். பழைய ஒலிப்பதிவை இலக்கவியல் வடிவில் மறுவெளியீடு செய்வதும் அத்தகைய பதிப்புப் பணியே என்பதுதான் இவ்வுரையில் நாம் முன்வைக்கும் கருத்து.

மாணவர்கள் அறிந்த துறையொன்றிலிருந்து தொடங்குவோம். 1996ஆம் ஆண்டில் 'குவேக்' என்னும் கணினி விளையாட்டு குறுவட்டில் வெளிவந்தது. அவ்வட்டின் ஒரு பகுதியில் விளையாட்டு நிரலும், ஏனைய பகுதிகளில் 'நைன் இஞ்ச் நெய்ல்ஸ்' குழுவின் இசையும் பதிவாகியிருந்தன. பின்னர் அது இணையவழி விற்பனைக்கு வந்தபோது நிரல் மட்டுமே வந்தது, இசை வரவில்லை. 2021ஆம் ஆண்டின் மறுவெளியீட்டில்தான் அவ்விசை மீண்டும் இணைக்கப்பட்டது. பாடலை அச்சிட்டுப் பண்ணைக் கைவிட்ட பதிப்புக்கு இதனை ஒப்பிடலாம். எனினும் அங்கு இழப்பு வெளிப்படையானது. இசை இல்லை என்பதைக் கேட்டவர் உடனே உணர்ந்தனர். தமிழ் ஒலிப்பதிவுகளில் நேரும் இழப்போ பெரும்பாலும் மறைவானது. பாட்டு ஒலிக்கிறது, ஆனால் அது பாடியவர் பாடியதுதானா என்பதே வினா.

தியாகராஜ பாகவதர், கே. பி. சுந்தராம்பாள் முதலியோரின் குரல்கள் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளின் வழியே நம்மை வந்தடைந்தவை. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கும். 78 என்பது பெயரளவில்தான். தொடக்ககாலத் தட்டுகள் பல, சற்றுக் கூடியோ குறைந்தோ சுழலும் வேகத்தில் பதிவாயின. மறுவெளியீட்டின்போது வேகம் 6 விழுக்காடு கூடினால், ஐந்து கட்டையில் பாடியவர் ஐந்தரைக் கட்டையில் பாடியவராகிவிடுவார். சுருதி மட்டுமன்றிக் குரலின் தன்மையும் மாறும். முதிர்ந்த குரல் இளங்குரலாகத் தோன்றும்.

அடுத்தது இரைச்சல் நீக்கம். தட்டின் கீறலால் எழும் 'டிக்' ஓசையைக் கணினி எவ்வாறு இனங்காண்கிறது? திடீரெனத் தோன்றி, மிகக் குறுகிய நேரத்தில் மறையும் ஒலி என்பதே அதற்குரிய அடையாளம். மொழியியல் நோக்கில் பாருங்கள்: வல்லின மெய்யை ஒலிக்கையில் அடைபட்ட காற்று வெடித்து வெளிப்படும் கணமும் அத்தகையதே. மிருதங்கத்தின் மீட்டும் அவ்வாறே எழுகிறது. நீக்கம் அளவு கடந்தால் கீறலோடு ககரமும் டகரமும் கூர்மை இழக்கும். இனி, 'உஸ்' என்னும் தொடர் இரைச்சலைக் குறைக்க உயர் அதிர்வெண்களை வெட்டுகின்றனர். 'பசி' என்னும் சொல்லில் உயிர்களுக்கிடையே வரும் சகரத்தின் ஆற்றல் அப்பகுதியில்தான் மிகுதி. 1925ஆம் ஆண்டில் மின்முறைப் பதிவு வருவதற்கு முற்பட்ட தட்டுகளில் உயர் அதிர்வெண்கள் ஏற்கெனவே குறைவு. எஞ்சியதையும் வெட்டினால் செவிக்கு இதமாகும், சொல் மங்கிவிடும்.

இதன் விளைவு இசையோடு நிற்பதில்லை. கிரியர்சனின் இந்திய மொழியியல் அளவாய்வையொட்டி 1913 முதல் 1929 வரை பல மொழிகளின் பேச்சும் பாட்டும் இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டன. அளவாய்வு சென்னை மாகாணத்தை உட்படுத்தவில்லையெனினும் இப்பதிவுகளில் தமிழும் இடம்பெற்றது. இன்று சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் அவற்றைக் கேட்கலாம். நூறாண்டுக்கு முற்பட்ட உச்சரிப்புக்கு இவைபோன்றவையே நேர்ச்சான்று. அவற்றில் ஒரு மெய்யொலி மங்கியிருந்தால், அது பேசியவரின் இயல்பா, தட்டின் தேய்வா, துப்புரவு செய்தவரின் கைவண்ணமா என்று அறிய மூலப் படி வேண்டும்.

உ. வே. சாமிநாதையர் 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியையும் 1894ஆம் ஆண்டில் புறநானூற்றையும் பதிப்பித்தார். ஏடுகளை ஒப்புநோக்கி ஒரு பாடத்தைத் தேர்ந்த அவர், வேறுபாடங்களை அழித்துவிடவில்லை. ஒலிப்பதிப்புக்கும் அதுவே நெறியாதல் வேண்டும். துப்புரவு செய்த படி கேட்போருக்கு. கைபடாத படி ஆய்வாளருக்கு. இரண்டும் இருத்தல் வேண்டும். என்ன செய்தோம் என்னும் குறிப்பும் உடனிருத்தல் வேண்டும்.

இந்நெறி நம் நாட்டுக்கு இன்று மிக உடனடியாகத் தேவை. பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் பல வீடுகளின் அலமாரிகளில் ஒலிநாடாக்கள் கிடக்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்த பாட்டியின் தாலாட்டு, ஒப்பாரி, திருவிழாவின் உறுமி மேளம் ஆகியன அவற்றில் இருக்கக்கூடும். பேரப்பிள்ளைகள் ஆர்வத்தோடு அவற்றைக் கைப்பேசியில் ஏற்றுகின்றனர். பேச்சைத் தெளிவாக்குவதற்கென அமைந்த செயலி, உறுமியின் இழுபடும் முழக்கத்தை இரைச்சலெனக் கருதி அடக்கிவிடலாம். ஒப்பாரியின் விம்மலையும் தேய்த்துவிடலாம். நாடா காலப்போக்கில் சிதையும். அதன்பின் எஞ்சுவது அந்தக் கோப்பு ஒன்றே.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர்களிடம் இப்பணியை ஒப்படைக்கும்போது, முதற்படியை எந்த வடிகட்டியும் இன்றி, சுருக்கப்படாத கோப்பாக எடுக்கச் சொல்லுங்கள். பன்னாட்டு ஒலி, ஒளிக் காப்பகச் சங்கம் நொடிக்கு 48,000 மாதிரிகள், 24 பிட் என்பதைக் குறைந்த அளவாகப் பரிந்துரைக்கிறது. பாடியவர் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றை உடன் எழுதுவியுங்கள். துப்புரவு பிறகு நடக்கட்டும். அதுவும் படியின்மேல் நடக்கட்டும்.

இரைச்சல் எது, ஒலி எது என்று பிரித்தறியக் கருவிக்குத் தமிழ் தெரியாது. அம்மொழியறிவு உங்களிடம் உள்ளது.