தண்ணீருக்கும் ஒரு நம்பர் உண்டு
(கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



பால் சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிற அக்காமாருக்கு லாக்டோமீட்டரைப் பற்றி நாங்கள் சொல்லித் தர வேண்டியதில்லை. எத்தனை டிகிரி நிற்குது, கொழுப்பு எவ்வளவு என்று கேட்டுச் சண்டையே போடுவோம். ஏன்னா அது காசு. குடிக்கிற தண்ணீருக்கும் அப்படி ஒரு நம்பர் இருக்கு. அதை யாரும் கேட்பதில்லை.

நம்ம தர்மபுரி மாவட்டத்தில் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்று எல்லோருக்கும் தெரியும். பாறையிலிருந்து கரைந்து வருவது அது. நிறமில்லை, வாசமில்லை, ருசியிலும் தெரியாது. ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் இருக்கணும், வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைச் சின்ன வயதில் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை விழும். பல் விளக்கலை என்று பிள்ளையை அடிக்காதீங்க. ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே விழுந்த கறை அது, தேய்த்தால் போகாது. வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்பிள்ளைகள் நம்ம ஊர்களில் எத்தனை பேர்! அளவு ரொம்ப அதிகமாகி வருஷக்கணக்கில் குடித்தால் முட்டி, இடுப்பு, கழுத்தெல்லாம் விறைத்துப்போகும்.

கொதிக்க வைத்தால் சரியாகிடும் என்று சிலர் சொல்றாங்க. கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும்.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-இல் தொடங்கி வைத்தார்கள். ஆனால் குழாயில் ஆற்றுத்தண்ணி வராத நாளில் குடத்தை எடுத்துக்கொண்டு எங்கே போகிறோம்? பழைய போருக்குத்தான். ஒரே ஊரில் ஒரு போர் நல்லதாக இருக்கும், பக்கத்துப் போர் கெட்டதாக இருக்கும். எது எது என்று சோதித்தால்தான் தெரியும்.

சோதனைப் பெட்டியில் தண்ணீரோடு மருந்துச் சொட்டு விட்டால் இளஞ்சிவப்பு நிறம் வரும். ஃபுளோரைடு கூடக்கூட அது மஞ்சள் பக்கம் மாறும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒத்துப் பார்க்கணும். மாவு பதம் பார்க்கிற நமக்கு இது கஷ்டமே இல்லை. 2019-இல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு இந்தப் பயிற்சி தரணும் என்றே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று விசாரியுங்கள். இல்லையென்றால் குழுவிலிருந்து பெயர் கொடுங்கள்.

கண்ணால் பார்ப்பதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். சந்தேகம் வந்தால் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பணும். அங்கே நிறத்தை அளக்கிற கருவி, ஃபுளோரைடை மட்டும் உணர்கிற மின்முனை, இப்படிக் கருவி வைத்து எண்ணாகவே சொல்வார்கள். ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் எடுத்துக்கோங்க, கண்ணாடி வேண்டாம். போரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் இரண்டு மூன்று தரம் அலசிவிட்டுப் பிடிக்கணும். ஊர், எந்தப் போர், தேதி எல்லாம் எழுதி ஒட்டணும். ஊர் பெயர் இல்லாத பாட்டிலால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று. ஃபில்டர் விற்க வருகிறவர் பேனா மாதிரி ஒரு மீட்டரை டம்ளரில் விட்டு நம்பர் காட்டுவார். அது டிடிஎஸ் மீட்டர். எல்லா உப்பையும் சேர்த்துத் தோராயமாகத்தான் சொல்லும், ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. அதை நம்பிக் குழுவில் கடன் எடுத்துடாதீங்க.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் குடிக்கிற போர் எத்தனை, எது எது சோதித்தது, நம்பர் என்ன என்று தீர்மான நோட்டில் எழுதிக்கொண்டு வாங்க. சோதிக்காத போரைக் கிராம சபையில் பெயர் சொல்லிக் கேட்போம்.