"நிதி இல்லை" என்பது பதில் அல்ல!

(வரத்து வாய்க்காலில் சாக்கடை விடுவதைக் கண்டித்து நடந்த ஆர்ப்பாட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

  

நம்ம ஏரிக்கு வர்ற வரத்து வாய்க்கால்ல இன்னைக்கு டவுன் சாக்கடைதான் ஓடுது. நடவுக்கு இறங்குற பொம்பளைங்களுக்குக் காலெல்லாம் அரிப்பு. சாக்கடையில தழைச்சத்து அதிகம். பயிர் கருகருன்னு வளர்ந்து, கதிர் வர்ற நேரத்துல சாஞ்சுடுது. களத்துல தூத்திப் பார்த்தா பாதி பதர்.

மனு கொடுத்தா என்ன பதில்? "நிதி இல்லை, வந்ததும் பார்க்கலாம்." இந்தப் பதிலை 1980-லேயே சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது!

மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்று ஒரு ஊர். திறந்த சாக்கடை, தெருவில் மலம், சாராய ஆலையின் கழிவுநீர். பொறுக்க முடியாமல் ஒரு வார்டு மக்கள் மாஜிஸ்திரேட்டிடம் மனு போட்டார்கள். அவர் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 133-வது பிரிவின் கீழ் நகராட்சிக்கு உத்தரவு போட்டார். நகராட்சி என்ன செய்தது? சாக்கடை கட்டப் பணமில்லை என்று சுப்ரீம் கோர்ட் வரைக்கும் வழக்கு நடத்தியது!

நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யரும் சின்னப்ப ரெட்டியும் அதை ஏற்கவில்லை. சுகாதாரம் காப்பது நகராட்சியின் தலையாய கடமை. பணமில்லை என்று சொல்லி அதிலிருந்து தப்ப முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். வேலைக்குக் கெடு வைத்தார்கள். உத்தரவை மீறினால் தண்டனை உண்டு என்றும் எச்சரித்தார்கள்.

அதோடு முடியவில்லை. 2017 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இன்னொரு தீர்ப்பு சொன்னது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களை 3 வருஷத்துக்குள் அமைக்க வேண்டும். அதற்கான பணத்தை உள்ளாட்சி திரட்ட வேண்டும். முடியாவிட்டால் மாநில அரசு ஏற்க வேண்டும். அந்த 3 வருஷம் 2020-லேயே முடிஞ்சு போச்சு. நம்ம வாய்க்காலைப் போய்ப் பாருங்க!

நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லணும். வாய்க்கால் கரையை மடக்கி வெள்ளாமை வெச்சவங்க நம்மள்லயும் இருக்காங்க. பஞ்சாபில் ஒரு கிராமக் குளத்தை மூடி ஆக்கிரமித்தவர்களிடம் விலையை வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்றார் கலெக்டர். கூடாது என்று 2011-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பணம் கட்டினாலும் ஊர்ச் சொத்து சொந்தமாகாது. நம்ம ஆளுங்க தானா விட்டுக் கொடுத்தாத்தான் நாளைக்கு நகராட்சியைப் பார்த்துக் கேட்க நமக்கு வாய் இருக்கும்.

இனி என்ன செய்யணும்? வாயால சொல்லிட்டு வராதீங்க. எழுதிக் கொடுங்க; தேதி போட்ட ரசீது வாங்குங்க. கிராம சபையில் தீர்மானம் போடுங்க. அப்புறம் கோட்டாட்சியரிடம் போவோம். அவர் நிர்வாக மாஜிஸ்திரேட்டும்கூட. பழைய 133-வது பிரிவு, 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து புதிய சட்டத்தில் (பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 152-வது பிரிவாக இருக்கிறது. பொதுத்தொல்லையை அகற்றச் சொல்லி உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. ரத்லாம் மக்கள் பிடித்த வழியும் இதுதான்.

தோழர்களே! தீர்ப்பு தானா வந்து வாய்க்காலைத் தூர் வாராது. ரத்லாமிலும் மக்கள் விடாமல் நின்றதால்தான் நடந்தது. நாமும் நிற்போம்!

நமது கோரிக்கைகள்:

1. வரத்து வாய்க்காலில் சாக்கடை விடுவதை உடனே நிறுத்து!

2. சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கெடு தேதியை எழுத்தில் கொடு!

3. வாய்க்காலை அளந்து கல் நடு! தூர் வாரு!

4. பாதித்த பயிருக்கு நஷ்டஈடு வழங்கு!

வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு வீட்டுக்கு ஒருவர் மனுவோடு வாருங்கள்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!