இணையம் நின்றுபோன மாலைகளுக்கு

(கோலார் தங்கவயலில் நடைபெற்ற கட்சிக் கல்வி முகாமில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



காலையில் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் குறித்தும், பிற்பகலில் கிளைகளின் அமைப்பு நிலை குறித்தும் விவாதித்தோம். இப்போது விளையாட்டையும் கதைப் புத்தகத்தையும் பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கியிருப்பது பொருத்தமா என்று உணவு இடைவேளையில் ஒரு தோழர் என்னிடம் கேட்டார். கேள்வி நியாயமானதே. என் வீட்டில் நடந்த ஒரு சிறு நிகழ்வைக் கூறித் தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியில் இரண்டு நாட்கள் இணையம் கிடைக்கவில்லை. முதல் நாள் மாலையே என் பேரன் வந்து, "தாத்தா, இப்போ என்ன பண்றது?" என்றான். மேல்தட்டில் கிடந்த கேரம் பலகையை இறக்கினேன். ஒரு மூலை உடைந்திருந்தது, காய்களில் பாதியைக் காணவில்லை. புத்தக அலமாரியைத் திறந்தேன். முந்நூறு புத்தகங்களுக்குக் குறையாது, அத்தனையும் தமிழ். பையன் தமிழ் பேசுவான், படிக்கத் தெரியாது. கன்னடமும் ஆங்கிலமும் படித்து வளர்பவன். நாற்பது ஆண்டுகளாகக் கட்சியில் இருந்து, நூலகம் பற்றியும் பண்பாடு பற்றியும் மேடைகளில் பேசிய எனக்கு, என் வீட்டுக் குழந்தையின் ஒரு மாலை நேரத்துக்குத் தருவதற்கு ஒன்றுமில்லை. அன்று நான் அடைந்த வெட்கமே இந்த உரைக்குக் காரணம்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். இணையம் தீயது, செல்பேசியைத் தூக்கி எறியுங்கள் என்று கூற நான் வரவில்லை. இணையம் மக்களின் உரிமை. அதைத் துண்டிப்பது அரசின் கையிலுள்ள ஆயுதம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகத் திரண்ட மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடத்தப்பட்டது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது. காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அனைத்துத் தொடர்பும் அறுக்கப்பட்டது. அதிவேக செல்பேசி இணையம் முழுமையாகத் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். இடையில், 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில், காலவரையின்றி இணையத்தை நிறுத்தி வைக்க முடியாது என்றும், நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்புக்குப் பின்னும் நிறுத்தங்கள் நின்றபாடில்லை. 2021 ஜனவரி இறுதியில் தில்லியின் சிங்கு, டிக்ரி, காஜிப்பூர் எல்லைகளில் விவசாயிகள் அமர்ந்திருந்த இடங்களிலும் அதுவே நிகழ்ந்தது.

ஆனால் அந்த விவசாயிகள் செய்திருந்ததைக் கவனியுங்கள். இணையம் துண்டிக்கப்படுவதற்கு ஒரு மாதத்துக்கு முன்பே, 2020 டிசம்பர் 18 அன்று, 'ட்ராலி டைம்ஸ்' என்னும் அச்சு ஏட்டைப் பஞ்சாபியிலும் இந்தியிலும் கொண்டுவந்துவிட்டனர். கூடாரங்களில் நூலகங்கள் இருந்தன. மாலையில் கூடி அமர்ந்து வாசிக்கவும் பேசவும் பாடவும் அவர்களுக்கு ஏற்பாடு இருந்தது. இணையம் நின்றபோது கூட்டம் கலைந்துவிடாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் கருத்து.

நமது ஊருக்கு வருவோம். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து ஏறக்குறைய 90 மைல் தூரம் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர் நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். இதைச் சொல்லும்போது நம் அனைவருக்கும் ஒரு பெருமிதம் வருகிறது. ஆனால் அந்த மின்சாரம் வந்தது சுரங்கத்தின் யந்திரங்களுக்காக; தட்டி வீட்டில் படுத்திருந்தவனுக்காக அன்று. ஜான் டெய்லர் கம்பெனியின் வெள்ளை அதிகாரிகளுக்கு கிளப் இருந்தது, கோல்ஃப் திடல் இருந்தது, நடன அரங்கு இருந்தது. 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்ட சாம்பியன் ரீஃப் சுரங்கத்திலிருந்து ஏறி வந்த தொழிலாளிக்கு என்ன இருந்தது? சாராயக் கடை இருந்தது. உடல் வலியை மறக்க அவர் குடித்தார். குடித்த கடனை அடைக்க மறுபடியும் இறங்கினார். ஷிப்ட் முடிந்த பிறகும் தொழிலாளியின் நேரம் அவர் கையில் இல்லை.

எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எஞ்சிய எட்டு மணி நேரம் தனக்கு என்ற முழக்கத்தை ராபர்ட் ஓவன் 1817லேயே முன்வைத்தார். முதல் எட்டுக்காகப் போராடிய நாம் மூன்றாவது எட்டைக் கேட்பாரற்று விட்டுவிட்டோம். அன்று அதைச் சாராயக் கடை எடுத்துக்கொண்டது. இன்று ஆன்லைன் ரம்மியும் முடிவில்லாத குறும்படங்களும் எடுத்துக்கொள்கின்றன.

அந்தக் காலத்திலும் அந்த நேரத்தைத் தம் கையில் எடுத்துக்கொண்ட தொழிலாளர்கள் இங்கே இருந்தார்கள். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டைத் தொடங்கியபோது, அதற்கு வாசகர்களையும் எழுத்தாளர்களையும் தந்த இடங்களில் மாரிக்குப்பம் முக்கியமானது. சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை அங்கே இயங்கியது. பண்டிதர் 1914இல் மறைந்தார். பின்னர் 1920களில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' ஏட்டுக்கு இங்கிருந்தே மீண்டும் உயிர் கொடுத்தார். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்துக் காத்ததில் தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலையின் பங்கு பெரிது. பகலில் பாறையைத் துளைத்துவிட்டு இரவில் விளக்கொளியில் கூடி, ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்ட மனிதர்கள் அவர்கள். இந்த மரபை நாம், கம்யூனிஸ்டுகள், மிகத் தாமதமாகவே கண்டுகொண்டோம் என்பதை இங்கே ஒப்புக்கொள்வதில் தவறில்லை.

1930இல் விரல்ரேகைப் பதிவு ஆணையை எதிர்த்து ஏறத்தாழ மூன்று வாரம் சுரங்கங்கள் நின்றன. அங்கீகரிக்கப்பட்ட தொழிற்சங்கம் எதுவும் அன்று இங்கே இல்லை. (அன்று விரல்ரேகை கேட்டதற்கு வேலைநிறுத்தம் செய்தார்கள், இன்று நாமோ நாளொன்றுக்கு நூறு முறை செல்பேசியில் விரலை வைக்கிறோம்.) செய்தி ஒரு லைனிலிருந்து அடுத்த லைனுக்கு எப்படிச் சென்றது? மாலையில் மக்கள் கூடி உட்காரும் இடங்கள் இருந்தன. கூத்து நடக்கும் திடல், பஜனைக் கூடம், வாசகசாலைத் திண்ணை ஆகியவை அத்தகைய இடங்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டபோது வேலை போனது என்பது நமக்குத் தெரியும். அதனுடன் இந்தக் கூடும் இடங்களும் போயின. நம் பிள்ளைகள் விடிவதற்குள் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகிறார்கள். பெட்டியில் நூறு பேர் அருகருகே அமர்ந்திருக்கிறார்கள். நூறு பேரும் தனித்தனித் திரைகளில் இருக்கிறார்கள்.

எதைத் தேர்ந்தெடுப்பது? இது சிறிய கேள்வி போலத் தோன்றும். செய்து பார்த்தவர்களுக்கே அதன் சிரமம் தெரியும்.

விளையாட்டைப் பொறுத்தவரை நான் மூன்று கேள்விகள் கேட்பேன். பந்தயம் இல்லாமல் சுவைக்குமா? மார்பில் சிலிக்கோசிஸ் சுமந்து மூச்சு வாங்கும் முதியவரும் பத்து வயதுச் சிறுமியும் சேர்ந்து ஆட முடியுமா? பொருள் தொலைந்தால் வீட்டிலேயே ஈடு செய்ய இயலுமா? பணம் வைக்காமல் சீட்டாட்டம் நெடுநாள் நிலைப்பதை நான் கண்டதில்லை. எனவே கிளை அலுவலகத்தில் சீட்டுக்கட்டு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மாறுபடுவோர் இருப்பார்கள் என்பதும் அறிவேன். கேரம் நல்லது. எனினும் கேரம் பலகை வைத்த இடம் பெரும்பாலும் ஆண்களின் இடமாகி, நான்கு பேர் ஆடப் பத்துப் பேர் சும்மா நிற்கும் இடமாகிவிடுகிறது. சதுரங்கம் மலிவானது, அமைதியானது. ஆயினும் கற்பிக்க ஒருவர் பொறுமையாக அமர வேண்டும்.

பல்லாங்குழிக்குப் பதினான்கு குழிகளும் கொஞ்சம் புளியங்கொட்டையும் போதும். தாயத்துக்கு ஒரு சாக்கட்டித் துண்டு. ஆடுபுலி ஆட்டத்தைத் தரையில் வரைந்துகொள்ளலாம். மூன்று புலிகள், பதினைந்து ஆடுகள். ஆடுகள் ஒன்றையொன்று ஒட்டி நின்றால் புலி தாண்ட முடியாமல் அடைபடும். இதைச் சொன்னதும் சில தோழர்கள் புன்னகைக்கிறீர்கள். வேண்டாம், குழந்தைகள் ஆடும்போது அரசியல் விளக்கம் சொல்லி ஆட்டத்தைக் கெடுத்துவிடாதீர்கள். அவர்கள் ஆடட்டும்.

நான் அதிகம் பேச விரும்புவது வாசிப்பைப் பற்றி. தமிழ் படிக்கத் தெரியாத தமிழ்ப் பிள்ளைகள் உள்ள ஊரில் நூலகம் என்றால் என்ன? இதற்கு விடை நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே கூபாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் கண்டதுதான். 1865இல் ஹவானாவின் எல் ஃபிகாரோ ஆலையில், தொழிலாளர்கள் சுருட்டு உருட்டும்போது ஒருவர் உயர்ந்த இருக்கையில் அமர்ந்து உரக்கப் படிக்கும் வழக்கம் தொடங்கியது. அவருக்கு ஊதியம் தந்தவர்கள் தொழிலாளர்களே; முதலாளி அல்லர். காலையில் செய்தித்தாள், பின்னர் நாவல். ஸ்பானிய ஆட்சி மறு ஆண்டே அதைத் தடை செய்தது, வழக்கம் அழியவில்லை. 'மாண்டி கிறிஸ்டோ' என்ற சுருட்டின் பெயரே அப்படிப் படிக்கக் கேட்ட டூமாவின் நாவலிலிருந்து வந்ததுதான். நமக்கு அருகில், கண்ணூர் பீடித் தொழிலாளர்களும் இதையே செய்தனர். ஒருவர் பத்திரிகை படிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கிட்டுச் சுற்றித் தருவார்கள். எழுத்தறியாதவரும் அரசியல் அறிந்தவரானது இப்படித்தான்.

நமக்கும் இதுவே வழி. நிரஞ்சனா கன்னடத்தில் எழுதிய 'சிரஸ்மரணே' நாவலை நீங்கள் அறிவீர்கள். 1943 மார்ச் 29 அன்று தூக்கிலிடப்பட்ட கையூர்த் தோழர்கள் நால்வரின் கதை. தமிழில் அது 'நினைவுகள் அழிவதில்லை' என்ற பெயரில் பி.ஆர். பரமேஸ்வரன் மொழிபெயர்ப்பில் உள்ளது. ஒரே அத்தியாயத்தைத் தாத்தா தமிழில் படிக்கட்டும். அடுத்ததைப் பேரன் கன்னடத்தில் படிக்கட்டும். இரண்டு மொழியும் புரியும் ஊர் இது. மற்ற ஊர்களுக்கு இல்லாத வசதி. நம் அலமாரிகளில் தமிழ் மட்டும் இருப்பது பெருமை என்று எண்ணிய காலம் போதும். பாதி இடம் கன்னடத்துக்குத் தர வேண்டும்.

உரக்கப் படிக்க எல்லா நூலும் ஏற்றதல்ல. ரகுநாதன் மொழிபெயர்த்த கார்க்கியின் 'தாய்' நீண்டது. ஆனால் முதல் சில அத்தியாயங்களிலேயே கேட்போரைப் பிடித்துக்கொள்ளும். வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதி, இரா. முருகவேள் தமிழாக்கிய 'எரியும் பனிக்காடு' நம் ஊரில் நிச்சயம் எடுபடும். கங்காணி ஆசை காட்டி ஆள் பிடித்த கதை நம் பாட்டன்களின் கதையுமாகும். 'பரதேசி' படம் பார்த்தவர்களுக்கும் நூலில் புதியது நிறைய உண்டு. சிறுவர்களுக்கு யா. பெரெல்மான் எழுதிய 'பொழுதுபோக்கு பௌதிகம்'. மாஸ்கோ மீர் பதிப்பகம் தமிழில் வெளியிட்ட நூல். ஒரு மெழுகுவர்த்தியும் ஒரு குவளைத் தண்ணீரும் இருந்தால் ஒரு மாலை முழுவதும் ஓடும். அதை எழுதியவர் லெனின்கிராடு முற்றுகையில் 1942இல் பட்டினியால் மாண்டார் என்பதைச் சிறுவர்கள் பின்னர் அறிந்துகொள்ளட்டும். கோட்பாட்டு நூல்களை இந்த மாலைகளுக்குக் கொண்டுவர வேண்டாம். அவற்றுக்கு வகுப்பு இருக்கிறது. பொழுதுபோக்கு என்று அழைத்துவிட்டு உட்கார வைத்துத் தீர்மானம் படித்துக் காட்டினால், மறுவாரம் எவரும் வரமாட்டார்கள், வராததும் சரியே.

திரைப்படமும் காட்டலாம். நம் பேரப்பிள்ளைகள் 2018இல் வந்த 'கேஜிஎஃப்' படத்தின் வழியாகவே தம் சொந்த ஊரை அறிகிறார்கள். அதில் தொழிலாளி, ஒரு வீரனின் வருகைக்காகக் காத்திருக்கும் அடிமை. படத்தைப் போடுங்கள், முடிந்ததும், 1930இலும் 1946இலும் இங்கே நடந்ததை மூத்த தோழர் ஒருவர் கால் மணி நேரம் கூறட்டும். நவம்பர் 4 தியாகிகளுக்கு ஆண்டுதோறும் மாலையிடுகிறோம். அவர்களைப் பற்றிக் கதையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

இறுதியாக, நேரமும் இடமும். இரவு ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் பெண்கள் வர இயலாது. வார நாட்களில் வைத்தால் ரயிலில் செல்வோர் வர இயலாது. எனவே ஞாயிறு மாலை ஐந்து மணி. கிளை அலுவலகத்தின் உள்ளறையில் பழைய தட்டிகளும் கொடிக்கம்பங்களும் அடைத்து வைத்திருக்கிறோம். அவற்றுக்கு அடியில் கரையான் அரித்தது போக எஞ்சிய புத்தகங்கள் இருக்கின்றன. அந்த அறையை இந்த வாரமே காலி செய்ய வேண்டும். சாவி ஒரு பெண் தோழரிடம் இருக்கட்டும். ஆண்களிடம் சாவி இருந்தபோது நடந்ததை அனைவரும் பார்த்துவிட்டோம். மின்சாரம் நிற்கும் நாட்களுக்கு சார்ஜ் விளக்குகள் இரண்டு தேவை.

முதல் ஞாயிறு 'நினைவுகள் அழிவதில்லை'. தமிழ்ப் பிரதி என்னிடம் உள்ளது. அட்டை இல்லை, பக்கங்கள் முழுமை. கன்னடப் பிரதியைப் பெங்களூரிலிருந்து வாங்கி வரும் பொறுப்பை நாளை ரயிலேறும் தோழர்களில் ஒருவர் இப்போதே ஏற்க வேண்டும். என் பேரன் முதலில் படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.