அமோனியா வாடை போனால் ஆபத்து போயிற்றா?

(தொழிலாளர் வகுப்பில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ரப்பர் ஸ்டோரில் நாம் புழங்கும் இரண்டு பொருள்களைப் பற்றி இன்று பேசுகிறோம். ஒன்று, பால் கெடாமலிருக்க ஊற்றும் அமோனியா. மற்றொன்று, இயந்திரத்தில் கெட்டிப்பால் பிரிந்தபின் மிஞ்சும் தண்ணிப்பாலை உறைய வைக்க ஊற்றும் கந்தக அமிலம்.

இவ்விரண்டும் சேர்ந்தால் அமோனியம் சல்பேட் என்னும் உப்பு உண்டாகிறது. உர மூட்டையில் நாம் சுமக்கும் உப்பும் இதுவே. 34 ராத்தல் அமோனியா 98 ராத்தல் அமிலத்தை விழுங்கி 132 ராத்தல் உப்பாகிறது. கிராணிமார் இக்கணக்கைக் குறித்துக்கொள்ளலாம்: பாலில் அமோனியா மிகுந்தால் அமிலச் செலவும் மிகும். ஆகவேதான் தண்ணிப்பாலிலுள்ள அமோனியாவை முதலில் காற்றில் போக்குகிறார்கள்.

சரி, உப்பான பின்னும் அமிலத்தை ஊற்றினால் அமோனியா திரும்பி வருமா? வராது. நவச்சாரத்தோடு சுண்ணாம்பைக் குழைத்தால் மூக்கைத் துளைக்கும் வாடை வரும். சுண்ணாம்பு காரம்; அது அமோனியாவைத் துரத்தும். அமிலமோ அதை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ஆகவே வாடை நின்றது என்றால் அமோனியா அடங்கியது என்றுதான் பொருள். அமிலம் தீர்ந்தது என்று பொருளல்ல. மிஞ்சிய அமிலம் தொட்டியில்தான் இருக்கிறது. தோலைப் பொசுக்கும், கண்ணைக் குருடாக்கும்.

இன்னொன்று. அமிலம் அமோனியாவை விடாது. ஆனால் உப்பில் அதனோடு சேர்ந்திருந்த கூட்டாளியை விரட்டிவிடும். நவச்சாரத்தின் மேல் கெட்டியான கந்தக அமிலம் பட்டால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை எழும். அமோனியம் நைட்ரேட் உரத்தில் பட்டால் நைட்ரிக் அமிலம் பிறக்கும். அமோனியம் கார்பனேட் கரியமில வாயுவைக் கக்கிப் பொங்கும். எல்லாவற்றிலும் கொடியது அமோனியம் சல்பைடு: அதிலிருந்து அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். அது ஆளைக் கொல்லும் வாயு.

நம் ஸ்டோரில் சல்பைடு ஏது என்று கேட்பீர்கள். கழிவுநீர்க் குட்டையில் காற்றுப்படாத இடத்தில் கிருமிகள் சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. அங்கே அமிலத்தைக் கொட்டினால் அந்த வாயு வெளியேறும். அது மிகுந்துவிட்டால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமற் போகும்.

ஆகவே நாம் கேட்பவை இவை: அமிலப் பீப்பாயிலும் உர மூட்டையிலும் தமிழில் பெயர் இருக்கட்டும். இரண்டையும் தனித்தனியே வைக்கட்டும். கையுறையும் கண்ணாடியும் கொடுக்கட்டும். பக்கத்திலேயே தண்ணீர்க் குழாய் வேண்டும். காற்றைச் சோதிக்காமல் எவரையும் கழிவுக் குழியில் இறக்கக்கூடாது.

நாமும் ஒன்றை மறவோம்: தண்ணீரில்தான் அமிலத்தை மெல்ல ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக்கூடாது. மூக்கை மட்டும் நம்பி உயிரைப் பணயம் வைக்க வேண்டாம், தோழர்களே!