மருந்துக்காக மாண்ட உயிர்கள்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் ஆற்றிய உரை)



'நம் இலக்கியங்களில் கொல்லாமை' என்னும் பொருளில் பேசுமாறு அறக்கட்டளையார் என்னைப் பணித்தனர். அதற்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, மருந்தியல் பயிலும் என் பெயர்த்தி ஒரு வினா எழுப்பினாள். "தாத்தா, விளக்கில் பூச்சி விழும் என்று பொழுது சாயுமுன் உண்கிறோம். ஆனால் நாம் விழுங்கும் மாத்திரைகள் எலிக்கும் முயலுக்கும் கொடுத்துப் பார்த்தவைதாமே? அந்தப் பாவம் யாரைச் சேரும்?" என்றாள். உடனே விடை கூற இயலவில்லை. அவளுக்கு நான் தேடிக் கண்ட விடையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது தெருநாய் ஒன்று கடித்துவிட்டது. அக்காலத்தில் வெறிநாய்க் கடிக்கு வயிற்றைச் சுற்றி நாள்தோறும் ஊசி போடுவார்கள். ஐந்தாம் நாள், அம்மருந்து ஆட்டின் மூளையிலிருந்து செய்யப்படுவது என்று ஊசி போட்டவர் பேச்சுவாக்கில் சொன்னார். வீடு திரும்பும்வரை அம்மா ஒரு சொல்லும் பேசவில்லை. ஆயினும் மறுநாளும் என்னை அழைத்துச் சென்றார். எல்லா ஊசிகளும் முடியும்வரை அழைத்துச் சென்றார். அதன்பின் ஆண்டுதோறும் அந்த நாளில் உபவாசம் இருந்தார். காரணம் கேட்டபோது, "உனக்காக உயிர்விட்ட ஆட்டை நான் நினைக்காவிட்டால் வேறு யார் நினைப்பார்?" என்றார். மருந்தை அவர் மறுக்கவில்லை. அதில் இம்சை இல்லை என்று தம்மைத் தேற்றிக்கொள்ளவும் இல்லை.

அந்த ஊசியின் வரலாற்றைப் பின்னாளில் படித்தறிந்தேன். 1885-இல் பாரிசில் லூயி பாஸ்டர், நாய் கடித்த சிறுவன் ஒருவனுக்குத் தடுப்பூசி அளித்துக் காப்பாற்றினார். நோயேற்றிய முயல்களின் தண்டுவடத்திலிருந்து செய்த மருந்து அது. கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் 1911-இல் வேறொரு முறையை வகுத்தார். அதன் வழியில், ஆடுகளின் மூளையில் நோய்க்கிருமியைச் செலுத்தி, நோயுற்றபின் கொன்று, அம்மூளையிலிருந்து நம் நாட்டில் மருந்து செய்தனர். அது எண்ணற்றோரைக் காத்தது. சிலருக்கு வாதநோயையும் தந்தது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு அது கைவிடப்பட்டது. நம் குன்னூர் பாஸ்டர் நிறுவனம் உயிரணு வளர்ப்பு முறைக்கு மாறியது. 1962-இல் ஜப்பானியர் ஓர் ஆப்பிரிக்கக் குரங்கின் சிறுநீரகத்திலிருந்து பெற்ற உயிரணுக்களே இன்றும் கண்ணாடிக் கலங்களில் பெருகி இதற்குப் பயன்படுகின்றன. ஆட்டைக் கொல்லாமல் வந்த மருந்து, முன்னதைவிடத் தீங்கு குறைந்ததாகவும் அமைந்தது. எனினும் அதன் தொடக்கத்திலும் ஒரு குரங்கு இருக்கிறது என்பதை மறைத்தலாகாது.

இல்லறத்தார்க்கு நேரும் இம்சையை ஆரம்பம், உத்தியோகம், விரோதம், சங்கல்பம் என நம் ஆசாரியர்கள் நான்காக வகுத்தனர். முதல் மூன்றையும் இயன்றவரை குறைக்க வேண்டும். சங்கல்ப இம்சையை அறவே விடவேண்டும். ஆய்வுக்கூடத்தில் நிகழ்வது எவ்வகை? ஐம்பொறியுடைய உயிரை அறிந்தே நோயுறச் செய்து அறிந்தே கொல்வதால், அது சங்கல்பமே என்பது என் துணிபு. நோய் தீர்க்கும் நோக்கம் உயர்ந்ததுதான். ஆயினும் வேள்வியில் உயிர் கொன்றோரும் உயர்ந்த நோக்கத்தையே கூறினர் அல்லவா?

'கொன்றவன் வேறொருவன், நான் மாத்திரையை விழுங்கியவன் மட்டுமே' என்று நாம் ஒதுங்க முடியாது. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் மூன்றும் வினைக்கு வாயில் என்பது நம் கொள்கை. புலால் உண்போரிடம் நாம் கேட்கும் கேள்வியை நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் வழி என்ன? நீலகேசியின் தொடக்கத்தை நினைவுகூருங்கள். காளிக்கு உயிர்ப்பலியிட வந்தோரை முனிச்சந்திரர் வெறுங்கையோடு திருப்பி அனுப்பவில்லை. மண்ணால் விலங்கின் உருச் செய்து படைக்குமாறு மாற்று வழி காட்டினார். 1959-இல் ரஸ்ஸல், பர்ச் என்னும் இரு ஆங்கில அறிஞர்கள் ஆய்வுக்கூடங்களுக்கு மூன்று நெறிகளை வகுத்தனர்: இயலுமிடத்தில் விலங்குக்கு மாற்றுக் காணுதல், எண்ணிக்கையைக் குறைத்தல், நோவைத் தணித்தல். முதல் நெறியைப் படித்தபோது எனக்கு முனிச்சந்திரரே நினைவுக்கு வந்தார்.

நம் சட்டமும் இதைச் சொல்கிறது. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் எடுத்த முயற்சியின் விளைவாக 1960-இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. நூல், மாதிரி, திரைப்படம் போன்றவையே கற்பிக்கப் போதுமாயின் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் கருத்து. அழகுப் பொருள்களை விலங்குகளிடம் சோதிப்பதை இந்தியா 2014-இல் தடை செய்தது.

ஆனால் யசோதர காவியம் நம்மை எச்சரிக்கிறது. அம்மன்னன் பலியிட்டது மாவால் செய்த கோழியைத்தான். கொல்லும் எண்ணம் உள்ளத்தில் இருந்தமையால் பல பிறவிகளில் துன்புற்றான். மண் உருவம் உயிரைக் காத்தது. மாக்கோழி பாவத்தைத் தந்தது. வேறுபாடு உள்ளத்தில் இருக்கிறது. 'மாற்று வழி இல்லை' என்று தேடிப் பாராமலே படிவத்தில் எழுதிக் கையொப்பமிடும் ஆய்வாளர், விதிகள் அனைத்தையும் நிறைவேற்றியவராகத் தோன்றலாம். அருள் இல்லாத அந்தக் கையொப்பத்தை நான் மாக்கோழிக்கு ஒப்பிடுவேன்.

ஆதலின் என் பெயர்த்திக்கு நான் சொன்னது இது: "படிப்பை விட்டுவிடாதே, அம்மா. கொல்லாமையை அறிந்த ஒருத்தி அந்த அறையில் இருக்கட்டும். ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் 'இது வேண்டுமா? வேறு வழி உண்டா?' என்று கேள். விடை கிடைக்காத இடத்தில் வழி தேடுவதையே உன் ஆய்வாக்கிக்கொள்."

அறக்கட்டளையார்க்கும் ஒரு வேண்டுகோள். உயிரணு வளர்ப்பு, கணினி வழிச் சோதனை போன்ற மாற்று முறைகளைப் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை நிறுவுங்கள். என் ஓய்வூதியத்திலிருந்து முதல் ஆண்டுத் தொகையை நான் தருகிறேன். என் தாயார் நினைவாக அன்று, பெயரற்ற அந்த ஆட்டின் நினைவாக.

நாம் மருந்து உண்ணும் ஒவ்வொரு முறையும் அதற்காக மாண்ட உயிர்களை ஒரு கணம் நினைப்போம். நினைப்பவரே மாற்று வழியைத் தேடுவர்.

எல்லா உயிரும் இன்புறுக! ஜெய ஜினேந்திர.